அண்ணா இண்டைக்குக் கடலுக்குப் போறாரோ?

அந்த டேட்டிங் ஆப்பை நான் கோவத்துலதான் ஃபோன்ல ஏத்துனேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு. பந்தியில நிம்மதியா உக்கார முடியல. இந்தப் பக்கம் திரும்புனா "ஒனக்கு எப்பம்மா?", அந்தப் பக்கம் திரும்புனா "இன்னும் ஒண்ணும் அமையலையா?" எனக்கு முப்பத்தொரு வயசு. என் கூடப் படிச்சவ மூணாவது புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு என்னயப் பாத்து உச்சுக் கொட்டுறா. என்னயப் பொண்ணு பாக்க ஆளு வராம இல்ல. வந்தாங்க, மிச்சரத் தின்னாங்க, தகவல் சொல்லி விடுறோம்னு போனாங்க. போனவங்கதான். பஸ்ஸுல திரும்பி வாரப்பவே முடிவு பண்ணிட்டேன், இனிமே எவனுக்கும் காப்பித்தட்டு ஏந்துறதில்லைன்னு.

எங்க வீடு அக்காள்மடத்துல, மெயின் ரோட்டை ஒட்டி. தீவுக்குள்ள போறதுக்கும் வாரதுக்கும் அந்த ஒரே ரோடுதான். நான் ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுல வரவேற்பு மேசையில உக்காந்திருக்கேன். வீட்டுல நானும் அம்மாவும் அண்ணனும். அண்ணன் விசைப்படகுல டிரைவர். படகு முதலாளியோடது, ஓட்டுறது மட்டும் இவன். என்னயவிட நாலு வயசு மூத்தவன், இன்னும் கல்யாணம் பண்ணல. தங்கச்சியக் கரையேத்தாம நான் எப்படிக் கட்டுறதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான். அவன் நல்லவன்தான். அந்த நல்லதனம்தான் என் கழுத்தப் புடிச்சுச்சு. அவன் தலையில நரை தெரியிற ஒவ்வொரு தடவையும் அது என் குத்தம் மாதிரியே இருக்கும்.

ஆப்புல மூஞ்சி போட முடியுமா? எங்க தீவுல ஒருத்தி தும்முனா பாம்பன்ல கேக்கும். அதனால கடலைப் பாத்து நிக்கிற மாதிரி முதுகு தெரியிற ஒரு போட்டோ, வாயில வந்த ஒரு பொய்ப் பேரு. பத்து கிலோமீட்டருக்குள்ள யாரு இருக்கான்னு பாத்தா, மொத ஆளே எங்க சித்தப்பா மகன்! கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல சாஞ்சு நிக்கிறான். மறுநா பாக்குறேன், அந்தக் கூறுகெட்டவன் என் முதுகுக்கு லைக் போட்டுருக்கான். சேசுவே! அந்த ஞாயித்துக்கெழம பூசையில அவன் எனக்கு முன்வரிசையில நின்னான். சமாதானம் சொல்லிக்கிற நேரத்துல திரும்பி, கையக் கூப்பி, "சமாதானம் அக்கா"ன்னான். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துல இருந்த அம்மா நான் உருகி ஜெபம் பண்றேன்னு நெனச்சிருக்கும்.

உள்ளூரு ஆகாதுன்னு தெரிஞ்சதும் வெளியூர் ஆளுகளைப் பாக்க ஆரம்பிச்சேன். எங்க ஊருக்கு அதுல பஞ்சமே கெடையாது. காலையில வந்து தீர்த்தமெல்லாம் குளிச்சு, சாமி கும்புட்டு, தனுஷ்கோடியப் பாத்துட்டு, சாயந்தரம் ரயில் ஏறுற ஆளுக. அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்த பயலுக, ரூம்ல படுத்துக்கிட்டு ஃபோனைத் தள்ளிக்கிட்டே இருப்பானுக. காலையில "உங்க மௌனமே அழகா இருக்கு"ன்னு எனக்கு எழுதுன ஒருத்தன், அரை மணி நேரத்துல மாடியிலருந்து எறங்கி வந்து வெந்நி வரலைன்னு என் மேசையத் தட்டுனான். அதே ஆளு. "அறிவில்லையா உங்களுக்கெல்லாம்?"னு கேட்டான். நான் முதுகா இருந்தப்ப அழகு, மூஞ்சியா இருந்தப்ப அறிவில்லாதவ. "சாரி சார்"னு சொல்லிட்டு வெந்நிக்கு ஆளு அனுப்புனேன். மேல போயி மறுபடி எனக்கு ஒரு இதயம் அனுப்பிருந்தான்.

அன்னைக்கே அழிச்சுப் போட்டிருக்கணும். ஆனா அந்த ஆப்பு என்ன பண்ணுதுன்னா, யாராவது ஒருத்தர் நம்மளப் பிடிச்சிருக்குன்னு சொல்றப்ப உள்ளுக்குள்ள சுருக்குன்னு ஒரு சந்தோசம். அது அடங்குறதுக்குள்ள அந்த ஆளு மதுரை தாண்டிப் போயிருப்பான். பதில் வராது. அப்பறம் நாம என்ன எழுதுனோம், எந்த வார்த்தை பிடிக்காமப் போச்சுன்னு நாள் பூரா அதையே நோண்டிக்கிட்டு இருக்கணும். பொண்ணு பாக்க வந்தவங்க வருசத்துக்கு ரெண்டு தடவைதான் என்னய வேணாம்னாங்க. இதுல தெனமும். சோறு இறங்காது. அம்மா ஏதாவது கேட்டா எரிஞ்சு விழுவேன். யாரும் என்னயக் கட்டிப் போடல, ஆனா அந்த ஃபோனை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர முடியல.

ஒருநா வெறுத்துப் போயி தூரத்தை அது எவ்வளவு விடுமோ அவ்வளவுக்கு இழுத்து விட்டேன். அப்பத்தான் அவன் வந்தான்.

ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்னு போட்டிருந்துச்சு. ராமநாதபுரம் எங்களுக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான், பஸ் ஏறுனா டவுனு, பெரிய ஆசுபத்திரி, ஜவுளிக்கடை. சரி, அங்கன உள்ள ஆளுன்னு நெனச்சுக்கிட்டு வணக்கம் போட்டேன். "வணக்கம். நீங்கள் சுகமோ?"ன்னு பதில் வந்துச்சு. என்னடா இது, எழுத்தே வேற மாதிரி இருக்கேன்னு பாத்தா, அவன் இருக்குறது கடலுக்கு அந்தப் பக்கம். தலைமன்னார்க்காரன். அந்த ஆப்புக்குக் கடலு தெரியாது, எல்லைக்கோடு தெரியாது. நேரா ஒரு கோட்டைப் போட்டு இன்னார் இவ்வளவு தூரம்னு சொல்லிரும். பாஸ்போர்ட் கூட இல்லாத என்கிட்ட வேற நாட்டு ஆளைக் கொண்டாந்து பக்கத்து ஊருக்காரன் மாதிரி நிறுத்திருச்சு.

அவனும் எங்கள மாதிரி வேதக்காரன், கடல்காரன். சின்னதா ஒரு ஃபைபர் படகு வச்சிருந்தான். சாயந்தரம் கடல்ல வலையப் போட்டுட்டு, விடிஞ்சதும் போயி எடுக்குற தொழில். மூஞ்சி போட்டோ போட்டிருந்தான், வெயில்ல கருத்த மூஞ்சி, சிரிச்சா கண்ணு மூடிக்கும். மத்தவனுக மாதிரி போட்டோ அனுப்பு போட்டோ அனுப்புன்னு உசுர வாங்கல. "விருப்பம் எண்டா பிறகு காட்டுங்கள்"னு விட்டுட்டான். நான் என்ன சொன்னாலும் "ஓம்" போடுவான். இங்கன ஆமான்னு சொல்றதுதான் அங்க ஓம். லாட்ஜுல உக்காந்து அந்த ஓமைப் பாத்துப் பாத்து தனியாச் சிரிச்சுக்கிட்டு இருப்பேன். ரூம் கேட்டு வந்தவங்க என்னய ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாங்க.

காலையில அவன்கிட்ட இருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும். "அண்ணா இண்டைக்குக் கடலுக்குப் போறாரோ?"

அதுல நான் விழுந்தேன். மறைக்க என்ன இருக்கு, அந்த ஒரு கேள்வியிலதான் விழுந்தேன். இங்க எவனும் என் வீட்டு ஆளுகளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. இவன் என் அண்ணன் மேல அக்கறையா இருக்கான், காத்தடிக்குதே எப்படிப் போறாரோன்னு கவலப்படுறான்னு நெனச்சேன். நானும் ஒண்ணு விடாம ஒப்பிப்பேன். இன்னைக்கு டோக்கன் குடுத்துட்டாங்க, அண்ணன் ஐஸ் ஏத்தப் போயிருச்சு. இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, டோக்கன் இல்ல. இன்னைக்கு சங்கத்துல பேசிட்டு இருக்காங்க, இன்னும் முடிவாகலை. டோக்கன் வாங்குனாத்தான் எங்க விசைப்படகுக கடலுக்குப் போக முடியும். திங்கள், புதன், சனின்னு வாரத்துல மூணு நாளு தொழில். அந்த மூணு நாளும் அவன் கேக்காம இருந்ததில்ல.

ஒரு சனிக்கெழம டோக்கன் இல்லைன்னு சொல்லி, மத்தியானத்துக்கு மேல திடீர்னு குடுத்துட்டாங்க. நான் உடனே அவனுக்கு எழுதுனேன். மறுநா காலையில அண்ணன் திரும்பி வந்து சாப்புட உக்காந்தான். பாடு நல்ல பாடு, மீனும் எறாலும் நெறைய. வாய் நெறைய சோத்தோட சந்தோசமாச் சொன்னான், "நேத்து அந்தப் பக்கம் ஒரு வலை கூடக் கெடக்கல தெரியுமா? கடலு தொடச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. நாங்க வாரோம்னு எவனோ முன்னாடியே தாக்கல் சொல்லிருக்கான்."

நான் தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன்.

எங்க போட்டுக எறக்குற வலை பெருசு, கடலடித் தரையோட இழுத்துக்கிட்டே போறது. அது போற வழியில அந்தப் பக்கத்துக்காரங்க போட்டு வச்ச வலை கெடந்தா, அவ்வளவுதான், கிழிஞ்சு நூலு நூலாப் போயிரும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பொறந்ததுலருந்து கேட்டு வளந்த சண்டை. மீனு அங்கனதானே கெடக்கு, முதலாளி என்னயக் கேக்குறது மீனுன்னு அண்ணன் சொல்லுவான். எல்லைக்கோட்டைத் தாண்டுனா அந்த நாட்டு நேவிக்காரங்க புடிச்சு ஜெயில்ல போட்டுருவாங்கன்னு அம்மா அழும். எல்லாம் தெரிஞ்சும், அவன் என் அண்ணனைப் பத்திக் கேட்டப்ப அவன் வலையைப் பத்திக் கேக்குறான்னு எனக்கு உறைக்கவே இல்ல. அட மட்டி, செவ்வாக்கெழம அவன் அண்ணனை விசாரிச்சானா? வியாழக்கெழம? ஞாயித்துக்கெழம? ஒரு தடவை கெடையாது. உக்காந்து மேல மேல தள்ளி எல்லாத்தையும் படிச்சேன். ஒவ்வொரு "சாப்பிட்டனீங்களோ"வும் இப்ப வேற மாதிரி தெரிஞ்சுச்சு. எது எனக்கு, எது வலைக்குன்னு பிரிக்கப் பாத்தேன். தலைவலிதான் மிச்சம்.

நேராக் கேட்டுட்டேன். எங்க அண்ணனை எதுக்கு விசாரிக்கிறீங்க? மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வாயில ஒண்ணு பேசாதீங்கன்னு. "முதல் வலைக்காகத்தான் கேட்டனான். பிறகு உங்களுக்காகவும்"னு வந்துச்சு. பிறகுன்னா எப்பருந்துன்னு கேட்டேன். "அது எனக்குத் தெரியாது"ன்னான். பொய் சொல்லியிருந்தா கூடப் பரவால்ல. முத நாளே உங்களப் பிடிச்சிருச்சுன்னு ஒரு பொய்ய அவுத்து விட்டிருந்தா நம்பித் தொலைச்சிருப்பேன். இந்த நாணயத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுறது? வேணும்னும் இருக்கு, வேணாம்னும் இருக்கு. யார்கிட்டயும் சொல்லவும் முடியாது. அண்ணன்கிட்டச் சொன்னா தாக்கல் சொன்ன எவனோ யாருன்னு தெரிஞ்சு போகும். அம்மாகிட்டச் சொன்னா அன்னைக்கே ஃபோன் கெணத்துக்குள்ள.

கடைசியில ஒரு சட்டம் போட்டேன். இனிமே எங்க போட்டைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க கேக்கக் கூடாது. எனக்காகப் பேசுறதா இருந்தா மட்டும் பேசுங்கன்னு.

"சரி. கேக்க மாட்டன்"னான்.

கேக்கல. சத்தியமாக் கேக்கல. மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டவன் மாதிரி வாயக் கட்டிக்கிட்டு இருந்தான். திங்கக்கெழம காலையில ஃபோனையே பாத்துக்கிட்டு இருப்பேன், கேட்டுருவானோன்னு. "மழை பெய்யுதோ"ன்னு கேப்பான். புதன்கெழம, "வேலையில ஆக்கள் கூடவோ"ன்னு, லாட்ஜுல கூட்டமான்னு கேப்பான். நான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா சோதனை போட்டேன். மழையக் கேக்குறதுல காத்து இருக்கோ? காத்தைக் கேட்டா டோக்கனைக் கேட்ட மாதிரி ஆகுமோ? சொல்லவே அசிங்கமா இருக்கு, அவன் பேசுறதை ரசிக்கிறதை விட்டுட்டு காவல் காக்க ஆரம்பிச்சுட்டேன். மேனேஜர் என்னயக் கூப்புட்டு, ஒடம்பு சரியில்லையாம்மா, ஏன் வாரவங்களை மொறைக்கிறேன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல சார்னேன்.

ஈஸ்டருக்கு முந்துன தபசு காலம் தொடங்குன சமயத்துல இங்கன ஸ்ட்ரைக் வந்துச்சு. கோட்டுக்கு அந்தப் பக்கம் புடிபட்ட நம்ம ஆளுகளை விடச் சொல்லி. போட்டெல்லாம் ஜெட்டிப் பாலத்துல கட்டிக் கெடந்துச்சு. அண்ணன் வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்தான். அங்க அவனுகளுக்கு அது நல்ல காலம். திங்கள், புதன், சனின்னு பாக்காம எல்லா நாளும் பயமில்லாம வலை போட்டாங்க. அவன் சந்தோசமா இருந்தான், எழுத்துலயே தெரிஞ்சுச்சு. ரெண்டு கண்ணும் மூடிக்கிட்டுச் சிரிக்கிற ஒரு போட்டோ அனுப்புனான். எனக்கு அதப் பாத்து அழுகையா வந்துச்சு, ஏன்னு கேட்டா தெரியாது.

ஒரு வெள்ளிக்கெழம சாயந்தரம் சிலுவைப்பாதை முடிஞ்சு வாரேன், வாசல்ல அண்ணன் கால் தரையில நிக்கல. "ஸ்ட்ரைக் வாபஸ்! நாளைக்கு டோக்கன் குடுக்குறாங்க!"

சனிக்கெழம காலையில லாட்ஜு மேசையில அவனோட பேசுற எடத்தைத் தெறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சொல்லணும்னு நெனச்சேன். வெரலு எழுத்து மேலதான் இருந்துச்சு. ஆனா மனசு என்ன சொல்லுச்சுன்னா, பொறுடி, இன்னைக்குத்தான் நெசமாத் தெரியும். ஸ்ட்ரைக் முடிஞ்சிருச்சோன்னு அவனுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். இன்னைக்குக் கேட்டுட்டான்னா வலைதான் பெருசு. கேக்கலைன்னா நான்தான்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"னு வந்துச்சு.

இட்லின்னு எழுதுனேன்.

"நல்லது. நான் பாண். பின்னேரம் வலைக்குப் போறதுக்கு முன்னம் கதைக்கிறன்"னான். பாணுன்னா அங்கன பிரெட்டு. சாயந்தரமும் பேசுனான். என் கையெழுத்து எப்படி இருக்கும்னு பாக்க ஆசையா இருக்குன்னு சொன்னான். போட்டைப் பத்தி மூச்சு விடல. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே! ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். முப்பத்தொரு வருசத்துல ஒருத்தன் என்னயத்தான் நெனைக்கிறான், வேற எதுக்கும் இல்லன்னு ஒரு திமிரு. வீட்டுக்குப் போற வழியில மல்லிப்பூ வாங்கித் தலையில வச்சுக்கிட்டேன். அம்மா கூட, என்னடி இன்னைக்கு ஒரே பளபளப்பா இருக்கன்னு கேட்டுச்சு.

ஞாயித்துக்கெழம பூசைக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன். அண்ணன் அப்பத்தான் வந்து குளிச்சுட்டு நிக்கிறான், சந்தோசமா, பெரிய பாடு. ஃபோன் மினுங்குச்சு. ஒரு போட்டோ. கரையில ஒரு குவியலா வலை கெடக்கு. வலைன்னு நான் சொல்லுறேன், அது வெறும் நூலு. பக்கத்துல அவன் செருப்புக் காலு மட்டும் தெரியுது. அதுக்குக் கீழ அவன் எழுதிருந்தான்.

"நான் கேக்கேல்லை. நீங்கள் சொல்லியிருக்கலாம்."

மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஏன், நீ கேட்டுத் தொலைச்சா என்ன? தொழிலு போகுதுன்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? எவளோ முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறவ போட்ட சட்டத்துக்கு இப்படியா ஒரு மனுசன் கட்டுப்படுவான்? எழுதுனேன், அழிச்சேன். மன்னிச்சுருங்கன்னு எழுதுனேன், அழிச்சேன். கோயில்ல ரெண்டாம் மணி அடிச்சுச்சு. அம்மா வாசல்ல நின்னு கத்துச்சு. வலை எவ்வளவு போச்சுன்னு எழுதி அனுப்பப் போனா, அந்த எடமே இல்ல. அவன் லிஸ்ட்டுலருந்து என்னய எடுத்து விட்டுட்டான். அந்த ஆப்புல ஒருத்தர் எடுத்து விட்டா அவங்க பேசுனது, நாம பேசுனது, போட்டோ எல்லாம் ஒண்ணாப் போயிரும். ஓம் ஒண்ணு கூட மிச்சமில்ல. நம்பர் வாங்கி வைக்கல. ஊரைத் தவிர வேற எதுவும் கேட்டு வைக்கல.

பூசையில முட்டுப்போட்டேன், ஜெபம் வரல. அண்ணன் கொண்டாந்த எறாலை மத்தியானம் அம்மா கொழம்பு வச்சுச்சு. அது எந்தத் தண்ணியில புடிச்சதுன்னு எனக்குத் தெரியும். வயித்து வலின்னு படுத்துக்கிட்டேன்.

ஆப்பை இன்னும் அழிக்கல. அழிச்சா அவன் தேடுனாலும் கெடைக்க மாட்டேனே. லாட்ஜுல ஒவ்வொரு நாளும் யார் யாரோ லைக் போடுறானுக, நான் ஒருத்தனையும் தெறந்து பாக்குறதில்ல. ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்ல யாராவது இருக்காங்களான்னு மட்டும் பாக்குறேன். அம்மா புதுசா ஒரு சம்பந்தத்தைக் கொண்டாந்து வச்சுக்கிட்டு என்னடி சொல்லுறன்னு நச்சரிக்குது. அண்ணன் ஒண்ணும் கேக்காம என் மூஞ்சியவே பாக்குறான். அது அதைவிடக் கஷ்டமா இருக்கு.

ஏப்ரல் நடுவுல தடைக்காலம் வந்துச்சு. மீனு குஞ்சு பொரிக்கிற காலம்னு ரெண்டு மாசம் விசைப்படகு ஒண்ணு கூடக் கடலுக்குப் போகக் கூடாது. வருசா வருசம் உள்ளதுதான். மொத நாளு காலையில அண்ணன் கால நீட்டிக்கிட்டு டீ குடிச்சான். "அப்பாடா, ரெண்டு மாசத்துக்கு எவனும் என்னயக் கடலுக்குப் போறியான்னு கேக்க மாட்டான்"னு சும்மா சொன்னான்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்லாத ரெண்டு மாசம். டோக்கன் இல்ல, ஸ்ட்ரைக் இல்ல, எந்த வலைக்கும் பயமில்ல. இப்பவும் அவன் காலையில என்னோட பேசியிருந்தா அது எனக்காகத்தான். பேசாம இருந்திருந்தா அதுவும் தெரிஞ்சு போயிருக்கும். நான் ஒரு சட்டமும் போட வேண்டியதில்ல, யாரையும் சோதிக்க வேண்டியதில்ல. பேசாம இட்லியத் தின்னுக்கிட்டு, கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கிட்டு, ஏப்ரல் வரைக்கும் இருந்திருந்தாப் போதும். கடல்காரன் வீட்டுல பொறந்து வளந்தவ, தடைக்காலம்னு ஒண்ணு வரும்னு எனக்கு ஞாபகமே வரல.